சேலத்து ஆழ்துளைக் கிணற்று உப்பும், அதை நீக்கினால் அது போய்ச் சேரும் இடமும்

சேலம் ஓமலூர் சாலையில், மேக்னசைட் சுரங்கங்களுக்கு அருகே, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கப் பொறுப்பாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களுடைய 700 அடி ஆழ்துளைக் கிணற்றில் இப்போது 500 அடியில் தண்ணீர் நிற்கிறது. அது உப்பாகவும் இருக்கிறது. மாநகராட்சியின் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சென்னையில் கடல்நீரையே குடிநீராக்கும்போது, தங்கள் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் ஓர் ஆர்.ஓ. நிலையத்தின் வழியாக விட்டு எல்லாக் குழாய்களிலும் நல்ல தண்ணீர் வரச் செய்யலாமா என்கிறார். நூறு லிட்டரில் எழுபத்தைந்து லிட்டர் நல்ல தண்ணீராகக் கிடைக்கும் என்று விற்பனையாளர் கொட்டேஷனில் எழுதியிருக்கிறார். அதை நம்பலாமா என்கிறார். ஏற்காட்டில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கும் ஒரு சிறிய ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஆய்வறிக்கையையும் அவர் இணைத்திருப்பதால் ஊகமாக எதையும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுத் தண்ணீரையும் ஆர்.ஓ. செய்ய முடியும், ஆனால் செய்யாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவுக்கு மட்டும் செய்யுங்கள். எழுபத்தைந்து சதவீதம் என்ற கணக்கு உங்கள் பகுதிப் பாறையில் ஊறிய தண்ணீருக்குப் பொருந்தாது. ஏற்காட்டு வீட்டுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம்.

நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் கிளறி ஓர் இரவு மூடி வைத்தால், காலையில் ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். மாங்காயின் உயிரணுச் சவ்வுகள் தண்ணீரை வெளியே விடுகின்றன. வெளியே இருக்கும் உப்பை அதே வேகத்தில் உள்ளே விடுவதில்லை. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் தானாகவே நகர்கிறது. அந்த நகர்வை, உப்பு மிகுந்த பக்கத்தில் போதுமான அழுத்தம் கொடுத்துத் திருப்பி ஓட வைப்பதே ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல். இதற்கு நடைமுறையில் பயன்படக்கூடிய சவ்வை 1959-60 காலகட்டத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும். அந்தச் சவ்வைக் கொண்டு ஓர் ஊருக்குத் தண்ணீர் தரும் நிலையம் 1965-ல் கோலிங்கா என்ற கலிபோர்னியச் சிற்றூரில் அமைந்தது. கோலிங்கா கடற்கரை ஊர் அன்று. உள்நாட்டில், உப்பு நிலத்தடி நீரின் மேல் அமர்ந்திருந்த ஊர். முன்பு அங்கே குடிநீர் ரயிலில் வந்தது. 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதைப் பார்த்த நமக்கு அந்த ஊரின் நிலை எளிதில் புரியும். ஆக, இந்தத் தொழில்நுட்பம் முதலில் கைகொடுத்தது உங்கள் கிணற்றைப் போன்ற தண்ணீருக்குத்தான். கடல் பிறகே வந்தது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. அதன் இயல்பான சவ்வூடு அழுத்தமே 27 பார் அளவு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதை மீறித் தள்ளுவதற்கு சென்னைக்கு அருகே நெம்மேலியில் இருப்பது போன்ற கடல்நீர் நிலையங்களில் 55 முதல் 70 பார் வரை அழுத்தம் தேவைப்படுகிறது. உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் (இனி வரும் ஆய்வு எண்களும் இதே கணக்கில்தான்). அதன் சவ்வூடு அழுத்தம் ஒரு பாரைச் சற்றே தாண்டும். பத்துப் பன்னிரண்டு பார் கொடுத்தால் சவ்வு தாராளமாக வேலை செய்யும். உப்பை நீக்கும் வேலை மட்டும் என்று பார்த்தால் சென்னையைவிட உங்களுக்கு மிக எளிது. சென்னைக்கு இருக்கும் வசதி வேறு. காட்டுப்பள்ளியில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் தொடங்கிய, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் நிலையங்களும், நெம்மேலியிலேயே 2024-ல் திறக்கப்பட்ட பதினைந்து கோடி லிட்டர் நிலையமும், எடுத்த உப்பை எடுத்த இடத்திலேயே, அதாவது கடலிலேயே விடுகின்றன. அதிலும் கடல்வாழ் உயிர்கள் குறித்த கவலை உண்டு. அதனால்தான் குழாயைக் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பரவலாகக் கலக்க விடுகிறார்கள். இருந்தாலும் உப்புக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. சேலத்திலிருந்து கடல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நம் உப்புக்கு இருக்கும் வழி சாக்கடை, அதன்பின் திருமணிமுத்தாறு, அதன்பின் நாமக்கல் மாவட்டத்தில் காவிரி.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. 1,650 என்ற எண் மட்டும் உங்களைப் பயமுறுத்தக் கூடாது. நான் கவனிப்பது மற்ற எண்களை. மொத்தக் கடினத்தன்மை 840; தரம் பொறுப்பது 600 வரை. அதில் கால்சியம் 110 தான், மக்னீசியமோ 137. தரத்தின் உச்சவரம்பு 100. கால்சியத்தைவிட மக்னீசியம் மிகுந்திருப்பது உங்கள் இருப்பிடத்தின் கையெழுத்து. உங்கள் பகுதியில் ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயரிட்டுப் போனவை உண்மையில் சுண்ணாம்புக் குன்றுகளே அல்ல. டூனைட் என்ற, மக்னீசியம் நிறைந்த பாறை காலப்போக்கில் சிதைந்து அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாக உருவான மேக்னசைட் அது. வெடிப்புகளின் வழியே இறங்கும் மழைநீர் மண்ணிலிருந்து கரிமில வாயுவைக் கரைத்துக்கொண்டு அந்தப் பாறையை அரித்து மக்னீசியத்தையும், மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலப்பொருளான சிலிக்காவையும் சேர்த்தே கொண்டுவருகிறது. உங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படிந்தாலும் தண்ணீர் எதிர்பார்த்த அளவுக்கு மென்மையாவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கும்போது கால்சியம் கார்பனேட்டாக எளிதில் படிந்துவிடும். மக்னீசியம் அவ்வளவு எளிதில் படிவதில்லை. அதுதான் காரணம்.

ஃபுளூரைடு 1.2. ஏற்கத்தக்க 1.0-ஐத் தாண்டி, உச்சவரம்பான 1.5-க்குள் நிற்கிறது. பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளூரைடு எவ்வளவு பெரிய துன்பமாக இருந்தது என்பதை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரே சொல்லும். அதில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரோசிஸ் பாதிப்பைத் தணிப்பதும் ஒரு பகுதி. எனக்கு அதைவிட உறுத்துவது நைட்ரேட் 58 என்பதே. 45-க்கு மேல் தரம் எந்தத் தளர்வும் தரவில்லை. பாறையிலிருந்து நைட்ரேட் இவ்வளவு வராது. செப்டிக் டேங்க்கோ, சாக்கடையோ, உரமோ உங்கள் கிணற்றோடு எங்கோ தொடர்பில் இருக்கிறது என்று பொருள். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. குடிநீருக்கு ஆர்.ஓ. வேண்டும் என்று நான் சொல்வதற்கு உப்புக் கரிப்பைவிட இந்த நைட்ரேட்டும் ஃபுளூரைடுமே காரணம். கொதிக்க வைத்தால் இரண்டும் குறையாது. தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: சிலிக்கா 60. குடிநீர்த் தரத்தில் அதற்கு வரம்பே கிடையாது, குடிப்பவருக்கு அதனால் கெடுதலும் இல்லை. ஆனால் உங்கள் ஆர்.ஓ. நிலையத்தின் ஆயுளை முடிவு செய்யப்போவது அந்த வரிதான். நூறு லிட்டரில் எழுபத்தைந்து லிட்டரை நல்ல தண்ணீராக எடுத்துவிட்டால், தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் மீதி இருபத்தைந்து லிட்டருக்குள் அடைபடுகிறது. நான்கு மடங்கு செறிவு. 60 சிலிக்கா 240 ஆகிறது. சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் தாங்கக்கூடிய சிலிக்கா 120-லிருந்து 150 மில்லிகிராம்தான். மீதி, சவ்வின் மேல் கண்ணாடிப் பூச்சாகப் படியும். மக்னீசியமும் உடன் இருப்பதால் மக்னீசியம் சிலிகேட்டாகவும் படியலாம். கால்சியம் படிவை அமிலம் ஊற்றிக் கழுவிவிடலாம். சிலிக்கா அதற்கு மசியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் மாணவர் விடுதி ஒன்றின் சமையலறைக்கு ஓர் ஆர்.ஓ. அமைத்தேன். டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு மூன்றையும் பார்த்துவிட்டு எழுபத்தைந்து சதவீதத்துக்கு வால்வைத் திருப்பி வைத்தேன். சிலிக்காவைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஐந்தாவது மாதம் நல்ல தண்ணீரின் அளவு பாதியானது. அமிலத்தால் கழுவினேன், காரத்தால் கழுவினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் குழலை அறுத்துச் சுருளைப் பிரித்துப் பார்த்தபோது, விரலால் தேய்த்தால் தெரியாத, நகத்தால் கீறினால் மட்டும் தெரிகிற ஒரு படலம் சவ்வு முழுவதும் இருந்தது. புதுச் சவ்வுகளை என் செலவில்தான் போட்டேன். உங்கள் தண்ணீரில் பாதிக்குப் பாதி எடுங்கள். அப்போது சிலிக்கா 120-ல் நிற்கும். சிலிக்கா படிவதைத் தடுப்பதற்கென்றே செய்த ஆன்டிஸ்கேலன்ட் மருந்தைச் சரியான அளவில் செலுத்தினால் அறுபது சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் என்றால், அடுத்த ஆண்டு யார் சவ்வு மாற்றித் தருவார்கள் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

முழுக் கட்டடத்துக்கும் ஆர்.ஓ. என்றால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு வீடுகளில் ஐம்பது பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகரக் கணக்கில் நாளுக்கு 6,750 லிட்டர். பாதிக்குப் பாதி என்றால் கிணற்றிலிருந்து 13,500 லிட்டர் இறைக்க வேண்டும். 6,750 லிட்டர், டி.டி.எஸ். 3,200-க்கு மேல் உள்ள ரிஜெக்ட், அதாவது கழிவுத் தண்ணீராக வெளியேறும். அதில் நாளொன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் உப்பு இருக்கும். ஓர் ஆண்டில் ஏழு டன்னைத் தாண்டும். ஆர்.ஓ. உப்பை உண்டாக்குவதில்லை, பாறைக்குள் இருந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆர்.ஓ. இல்லாவிட்டால் நீங்கள் இறைப்பது 6,750 லிட்டர். அதோடு மேலே வரும் உப்பு பதினொரு கிலோ. ஆர்.ஓ. போட்டதும் இறைப்பும் இரட்டிப்பாகிறது, மேலே வரும் உப்பும் இரட்டிப்பாகிறது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பகுதியில் குளிக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். கடல்நீர் நிலையங்களில் 1,000 லிட்டர் குடிநீருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. உங்கள் தண்ணீரின் உப்பை நீக்க ஏறக்குறைய 1.2 யூனிட் போதும். ஆனால் 500 அடியிலிருந்து 1,000 லிட்டரை மேலே கொண்டுவர, மோட்டாரின் திறன் பாதி என்று வைத்தால், 0.8 யூனிட் வேண்டும்; பாதி வீணாவதால் 2,000 லிட்டர் இறைக்க வேண்டும், ஆக 1.6 யூனிட். உப்பை நீக்குவதைவிடத் தண்ணீரைத் தூக்குவதற்கு மின்சாரம் கூடுதலாகப் போகிறது. இரண்டையும் கூட்டினால் நெம்மேலிக் கணக்கை நெருங்கிவிடுகிறோம். உப்பு இருபதில் ஒரு பங்காக இருந்தும் செலவு குறையாத மர்மம் இதுதான்.

அப்படியானால் குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் சாஃப்ட்னர் போட்டுவிடலாமே என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்னர் உப்பை நீக்கும் கருவி இல்லை. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடும் கருவி. சோப்பு நுரைக்கும், ஹீட்டரில் படிவு பிடிக்காது; டி.டி.எஸ். மட்டும் அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, செடிக்கு ஊற்றவும் கூடாது. உள்ளே இந்த மாற்றத்தைச் செய்யும் ரெசின் என்ற மணிகளைப் புதுப்பிக்க உப்புக் கரைசல் ஊற்ற வேண்டும். உங்கள் 840 கடினத்தன்மையில் நாளுக்கு 6,750 லிட்டரையும் மென்மையாக்க, ரெசினின் நிலையைப் பொறுத்து, நாளொன்றுக்குப் பதினான்கு கிலோ அளவில் சாதாரண உப்பு வேண்டும். அத்தனையும் சாக்கடைக்கு. ஆர்.ஓ.வாவது ஏற்கெனவே இருந்த உப்பை இடம் மாற்றுகிறது. இது கடையிலிருந்து புது உப்பை மூட்டையாக வாங்கி ஊற்றுகிறது. ஹீட்டருக்குப் போகும் ஒரு குழாய்க்கு மட்டும் சிறிதாக ஒன்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. முழுக் கட்டடத்துக்கும் வேண்டாம்.

ரிஜெக்ட் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டு நிலத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இதுவரை கேட்ட ஆலோசனைகளிலேயே மோசமானது இது. நம் ஊரில் நிலத்தடி நீர் மணலில் பரவி நிற்பதில்லை. சார்னகைட், நைஸ் என்ற கடினப் பாறைகளில் உள்ள வெடிப்புகளில் ஓடுகிறது. நீங்கள் குழியில் ஊற்றுவது எந்த வெடிப்பில் இறங்குகிறதோ, அதே வெடிப்பிலிருந்துதான் உங்கள் மோட்டாரோ பக்கத்து வீட்டு மோட்டாரோ இழுக்கும். புறநகரில் ஒரு திருமண மண்டபத்தில், பயன்படாத பழைய கிணற்றில் ரிஜெக்ட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் பக்கத்துத் தோப்பில் தென்னை ஓலை நுனி கருகியது. மண்டபத்தின் ஆழ்துளைக் கிணற்றிலேயே டி.டி.எஸ். 1,900-லிருந்து 2,600-க்கு ஏறியிருந்தது. தாங்கள் கழித்த தண்ணீரையே தாங்கள் மறுபடி சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

உப்பை முற்றிலும் வெளியே விடாமல் இருக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது, சாயப்பட்டறைகளைக் கேளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு அவர்கள் மாற வேண்டியதாயிற்று. ஆர்.ஓ.வில் கழித்த தண்ணீரை மீண்டும் ஆர்.ஓ. செய்து, எஞ்சியதைக் கொதிகலனில் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். விறகும் மின்சாரமும் செலவழித்தபின் கடைசியில் மிஞ்சுவது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. மழை படாமல் கொட்டகையில் மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வீடுகள் செய்யக்கூடிய வேலை அன்று அது.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சூரிய வெப்பத்தில் ஆவியாக்கிக் குளிரவைக்கும் கண்ணாடிப் பெட்டி ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு மூன்றிலிருந்து ஐந்து லிட்டர் தரும். பள்ளி ஆய்வுக்கூடத்துக்கும் பேட்டரித் தண்ணீருக்கும் சரி. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் வெப்பத்தையும், லட்சத்தீவின் கவரத்தியில் ஆழ்கடலின் குளிர்ச்சியையும் பயன்படுத்திக் கடல்நீரை ஆவியாக்கும் நிலையங்கள் இருக்கின்றன; இரண்டும் அந்தந்த இடத்துக்கு இயல்பாகக் கிடைத்த வசதியின் மேல் நிற்பவை. மின்புலத்தால் உப்பை இழுக்கும் எலக்ட்ரோடயாலிசிஸ் முறை உங்கள் தண்ணீருக்கு உண்மையிலேயே பொருத்தமானது, ஏனென்றால் சிலிக்காவுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது செறிவடைவதில்லை. ஆனால் இவ்வளவு சிறிய அளவில் அதை வாங்கி, பழுது பார்க்கவும் ஆள் கிடைப்பது சேலத்தில் அரிது. கிருமியையும் அது நீக்காது.

ஆகவே நான் சொல்வது இது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர், ஐம்பது பேருக்கு நாளுக்கு 500 லிட்டர். அதற்கு மட்டும் ஒரு சிறிய ஆர்.ஓ. வைத்து, கீழ்த்தளத்தில் ஒரு பொதுக் குழாயில் விடுங்கள். ரிஜெக்ட் 500 லிட்டர்தான் வரும். தனித் தொட்டியில் பிடித்தால் படிக்கட்டும் வாகன நிறுத்தமும் கழுவவே அது தீர்ந்துவிடும். செடிகளுக்கு மட்டும் வேண்டாம். ஆர்.ஓ.விலிருந்து வரும் தண்ணீரின் டி.டி.எஸ். 60, 70 என்று இருக்கும். சப்பென்று இருக்கிறது என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அது வீண் பேச்சில்லை. பத்தில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரைக் கலந்தால் டி.டி.எஸ். 220-ஐ ஒட்டி வரும், நைட்ரேட்டும் 15-ஐத் தாண்டாது. கலந்த பிறகு அந்தத் தண்ணீர் புற ஊதா விளக்கின் வழியாகப் போகவேண்டும். கலக்கும் கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கலாம். இன்னொன்று: மாநகராட்சித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விடுகிறீர்கள் என்று தெரிகிறது. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும்; இன்றைய பாலிஅமைடு சவ்வைக் குளோரின் அரித்துவிடும். கார்பன் வடிகட்டி இல்லாமலோ, அதைக் காலத்தில் மாற்றாமலோ ஓட்டினால் சவ்வு ஒரு வருடம் தாங்காது. அதைவிட முக்கியம், மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரை உப்புத் தண்ணீரோடு ஒரே தொட்டியில் சேர்த்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துச் சுத்தம் செய்வது வீண். தனிச் சம்ப் கட்டுங்கள்.

மொட்டை மாடியையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். உங்கள் மாடி 3,000 சதுர அடி என்றால் ஏறக்குறைய 280 சதுர மீட்டர். சேலத்தில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் எண்பது சதவீதத்தைப் பிடித்தாலும் இரண்டு லட்சம் லிட்டர். ஐம்பது பேரின் ஓராண்டுக் குடிநீர்த் தேவை 1,82,500 லிட்டர். டி.டி.எஸ். ஐம்பதுக்குள், நைட்ரேட் மிகக் குறைவு, ரிஜெக்ட் கிடையாது. தடை ஒன்றே ஒன்று: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அரிது, அந்த ஐந்து மாதத்தைக் கடக்க 75,000 லிட்டர் தொட்டி வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தில் அதற்கு இடம் பிடிப்பது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். பாதி அளவுக்குக் கட்டினாலும் ஆர்.ஓ. ஆண்டில் பல மாதம் ஓய்வெடுக்கும். ஒரு எச்சரிக்கை: ஆர்.ஓ.வை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தினால் சவ்வில் கிருமிப் படலம் வளரும். தினமும் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள், அல்லது காக்கும் மருந்தை நிரப்பி மூடி வையுங்கள்.

ஏற்காட்டுக்கு வருகிறேன். ஊற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். 60 என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்வராயன் மலையின் பாறையில் தண்ணீர் தங்குவதும் குறைவு, அது கரைத்துக்கொண்டு வருவதும் குறைவு. அந்தத் தண்ணீரை ஆர்.ஓ. செய்தால், சேலத்தில் நீங்கள் பாடுபட்டு எடுத்த தண்ணீரைவிட வெறுமையான ஒன்று கிடைக்கும். கூடவே மூன்று பங்கில் இரண்டு பங்கு நல்ல தண்ணீர் கழிவாக ஓடும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. விற்பதைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னதும் இந்த வீணடிப்பைப் பார்த்துத்தான். விற்பனையாளர் உங்கள் அப்பாவுக்கு முன்னால் இரண்டு டம்ளர்களில் மின்கம்பிகளை வைத்துக் காட்டியபோது ஊற்றுத் தண்ணீர் பழுப்பாக மாறியது என்கிறீர்கள். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை, அதனால் கம்பி கரைவதில்லை. இளநீரில் அந்தக் கம்பிகளை வைத்தாலும் நிறம் மாறும்.

மலைத் தண்ணீருக்கு உப்பு பிரச்சினை இல்லை, கிருமிதான் பிரச்சினை, டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. ஊற்றுக்கு மேலே வீடோ மாட்டுக் கொட்டகையோ இருக்கிறதா, காப்பிப் பழம் உரிக்கும் மாதங்களில் பல்ப்பர் கழிவு அந்த ஓடையில் கலக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஊற்றுக் கண்ணைச் சுற்றி ஒரு சிறு தொட்டி கட்டி மூடி, வீட்டில் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் மலையில் அம்மாவுக்கு அதுதான் எளிது.

சேலத்துக் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பும்போது மூன்று திருத்தங்கள் கேளுங்கள்: மணிக்கு 50 லிட்டர் நல்ல தண்ணீர் தரும் அளவு, ஐம்பது சதவீதத்துக்கு மேல் எடுக்காத அமைப்பு, ரிஜெக்ட்டுக்குத் தனித் தொட்டி. மணிக்கு 50 என்றால் பத்து மணி நேரத்தில் 500 லிட்டர் சேர்ந்துவிடும். இரவு முழுவதும் ஓட விடத் தேவையில்லை. பணம் கட்டுவதற்கு முன் தண்ணீரை இன்னொருமுறை சோதியுங்கள், ஏனென்றால் இப்போதைய அறிக்கை மழை முடிந்த மாதத்தில் எடுத்தது. மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டபின், தொட்டியிலிருந்து பிடிக்காமல் கிணற்றுக் குழாயிலிருந்து நேராகப் பிடியுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம், அதிலிருந்தே சிலிக்கா கரையலாம், பிளாஸ்டிக் புட்டி போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தனிப் புட்டியில் பிடித்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில், நீர்மட்டம் மிகக் கீழே இருக்கும்போது எடுத்தால் சிலிக்காவும் நைட்ரேட்டும் எவ்வளவு ஏறுகின்றன என்று தெரிந்துவிடும். சிலிக்கா 75-ஐத் தாண்டியிருந்தால், நான் சொன்ன ஐம்பது சதவீதத்தையும் நாற்பதாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.